சைபர் குற்றம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, பதினொன்றே முக்கால் மணிக்கு, நான் இரண்டு வாஷிங் மெஷின்களுக்குச் சொந்தக்காரன் ஆனேன். மூன்றே நாள்தான். அப்புறம் பதவி பறிபோய்விட்டது.

நண்பன் ஒருத்தன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். 'டேய், முழிச்சிருக்கியா? உடனே பார்!' பார்த்தேன். 18,990 ரூபாய் மெஷின் 1,899 ரூபாய்! சாட்சாத் முழு ஆட்டோமேட்டிக். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். அதே 1,899. சட்டென்று இரண்டு ஆர்டர் போட்டேன். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று எதற்கு என்று இப்போது கேட்காதீர்கள். கடைசியில் நானே சொல்கிறேன்.

பணம் போனது. மெயில் வந்தது: 'வாழ்த்துகள்! உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது.' மறுநாள் அம்மா பாத்ரூம் பக்கத்தில் இடம் ஒழித்தார். பழைய பக்கெட் இரண்டு எடைக்குப் போனது. எதிர்வீட்டு அக்காவுக்குச் செய்தி போனது. மூன்றாம் நாள் இன்னொரு மெயில். விலைப் பிழை காரணமாக ஆர்டர் ரத்தாம். பணம் ஏழு நாளில் திரும்ப வருமாம். ஒரு 'ஸாரி' கூட இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! சாதாரண பி.காம். என்றால் விட்டிருப்பான். நான் மெர்க்கன்டைல் லா பேப்பரில் இரண்டு தடவை அரியர் வைத்து மூன்றாவது தடவை பாஸ் பண்ணியவன். ஒரே புத்தகத்தை மூன்று வருஷம் படித்தவனிடம் விளையாடலாமா?

பரணிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன்.

*

முதல் பாடமே எனக்கு எதிராக இருந்தது. கடையில் பொம்மைக்குப் புடவை கட்டி, இடுப்பில் விலைச்சீட்டு தொங்கவிடுகிறார்களே, அது 'இந்த விலைக்குத் தருகிறேன்' என்ற சத்தியம் இல்லை. 'உள்ளே வாங்க, பேசலாம்' என்ற அழைப்புதான். 'இந்த விலைக்கு எனக்குக் கொடு' என்று கேட்பது நாம். 'சரி' என்று கடைக்காரர் சொன்னால்தான் ஒப்பந்தம். செல்போன் திரையில் தெரியும் விலையும் அப்படித்தான்.

அப்படியானால் கம்பெனி எப்போது 'சரி' என்று சொல்கிறது? 'உறுதி செய்யப்பட்டது' என்று மெயில் வந்ததே, அப்போதுதானே? 'இல்லை, பொருளை அனுப்பினால்தான் ஒப்பந்தம்' என்று பல கம்பெனிகள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன. யாரும் படிக்காத அந்த நாற்பது பக்கத்தில். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று டிக் மட்டும் அடிக்கிறோமே, அதில்.

பக்கத்தைப் புரட்டினேன். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். இருபதாவது பிரிவு: இரண்டு தரப்பும் முக்கியமான ஒரு விஷயத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டு ஒப்பந்தம் போட்டால் அது செல்லாது. இருபத்திரண்டாவது பிரிவு: ஒரு தரப்பு மட்டும் தப்பாக நினைத்திருந்தால், அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். தப்பு பண்ணியது கம்பெனி மட்டும். நான் தெளிவாகத்தான் இருந்தேன்!

முன்னுதாரணமும் கிடைத்தது. 2014-ல் ஒடிசாவில் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் அமேசானில் 23,499 ரூபாய் லேப்டாப்பை 190 ரூபாய்க்குப் பார்த்தார். ஆர்டர் போட்டார், உறுதிச் செய்தியும் வந்தது. இரண்டு மணி நேரத்தில் விலைப் பிரச்னை என்று ரத்து. மாணவர் விடவில்லை. மாவட்ட நுகர்வோர் மன்றம் அவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அது போதாது என்று அப்பீல் போனார். 2021 ஜனவரியில் மாநில ஆணையம் நஷ்ட ஈடு 30,000, தண்டமாக 10,000, வழக்குச் செலவு 5,000 என்று தீர்ப்புச் சொன்னது. விளம்பரம் பண்ணி, ஆர்டர் வாங்கி, உறுதியும் செய்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்த மாதிரிதான் என்றது.

விடுவேனா? கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'இந்திய ஒப்பந்தச் சட்டம் இருபத்திரண்டாவது பிரிவின்படி' என்று ஆரம்பித்து, 'வாஷிங் மெஷினை ஏழு நாட்களுக்குள் வழங்கத் தவறினால்' என்று முடியும் இரண்டு பக்கக் கடிதம். அதோடு நிற்காமல் பொதுநல நோக்கில் வாட்ஸ்அப் குரூப்களிலும் போட்டேன். 'இதே மாதிரி ஏமாந்தவர்கள் பொருளின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிக்கொள்ளலாம்' என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன்.

கம்பெனியிடமிருந்து பதில் வந்தது: 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.' அவ்வளவுதான். கேஸ் போடும் அளவுக்கு எனக்குச் சுறுசுறுப்பு இல்லை. கடிதம் மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

*

போன ஆடி மாசம். காலை ஆறரை மணி. சின்னாளப்பட்டியிலிருந்து மாமா பையன் போன் பண்ணினான். குரலே சரியில்லை.

"மச்சான், ஒரு சைபர் போச்சு மச்சான்."

"சைபர் க்ரைமா? யாருக்காவது ஓ.டி.பி. சொல்லித் தொலைச்சியா?"

"அந்த சைபர் இல்ல மச்சான். நம்ம சைபர். முட்டை!"

விஷயம் இதுதான். மாமாவுக்குச் சின்னாளப்பட்டியில் சுங்குடிப் புடவை வியாபாரம். கடை என்று சொன்னால் கடைக்குக் கோபம் வரும். வீட்டு முன்னறையில் நாலு அலமாரி, ஒரு பாய், ஒரு மாமா. பையன் இரண்டு வருஷமாகச் சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்து விற்கிறான். தினம் ஐந்தாறு புடவை போகும். ஆடித் தள்ளுபடிக்காகப் புது விலை போட உட்கார்ந்தவன், தூக்கக் கலக்கத்தில் 750 என்று அடிப்பதற்குப் பதில் 75 என்று அடித்துவிட்டுப் படுத்துவிட்டான். காலையில் எழுந்து பார்த்தால் 212 புடவைக்கு ஆர்டர். எல்லாருக்கும் ஜிபேயில் பணம் வாங்கி, 'உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது. நன்றி, மீண்டும் வருக' என்று மெஷின் தானாகவே செய்தியும் அனுப்பியிருக்கிறது.

திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். போகும் வழியிலேயே மனக்கணக்குப் போட்டேன். ஒரு புடவையின் அடக்க விலை 520. ஒன்றுக்கு 445 ரூபாய் நஷ்டம். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு 94,340 ரூபாய். அது மாமா வீட்டில் தீபாவளிக்குச் சரக்கு எடுக்க வைத்திருக்கும் முதல். சாயக்காரருக்கும் அதிலிருந்துதான் பாக்கி கொடுக்க வேண்டும்.

முன்னறையில் மாமா பாயில் உட்கார்ந்திருந்தார். அத்தை காபி கொடுத்தார். யாரும் பேசவில்லை. பையன்தான் ஆரம்பித்தான்.

"மச்சான், நீங்க லா படிச்சவரு. ரத்து பண்ணிடலாமா?"

வாயைத் திறந்தேன். இருபத்திரண்டாவது பிரிவு தொண்டை வரை வந்து நின்றது. விளம்பரம் பண்ணியாச்சு, பணம் வாங்கியாச்சு, உறுதியும் செய்தாச்சு. இரண்டு வருஷமாக நான் ஊரெல்லாம் கத்திக்கொண்டிருந்த வாதம், இப்போது மாமா வீட்டு நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அது வந்து மாப்ள... சட்டத்துல ரெண்டு பக்கமும் இருக்கு" என்றேன். காபியை வேகமாகக் குடித்தேன்.

*

இன்னொரு பக்கமும் இருக்கத்தான் செய்கிறது. என் வாஷிங் மெஷின் கோபத்தில் அந்தப் பக்கங்களை நான் புரட்டவில்லை, அவ்வளவுதான்.

1939-ல் லண்டனில் ஒரு வழக்கு. அர்ஜென்டினா முயல் தோல் முப்பதாயிரம் விற்பனைக்கு. தோல் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசுவதுதான் அந்த வியாபாரத்தில் வழக்கம். விற்றவர் தவறுதலாக ஒரு பவுண்டு எடைக்கு என்று எழுதிவிட்டார். ஒரு பவுண்டுக்குச் சுமார் மூன்று தோல் நிற்கும். அதாவது விலை மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டது. வாங்கியவர் அந்தத் தொழிலிலேயே ஊறியவர். 'எழுதினது எழுதினதுதான், கொடு' என்று கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. தப்பு என்று உனக்குத் தெரியாமல் இருக்க முடியாது, தெரிந்துகொண்டே கவ்வப் பார்த்தாய் என்று அனுப்பிவிட்டார்.

நம் காலத்துக்கு வருவோம். 2003 ஜனவரி, சிங்கப்பூர். ஒரு வெப்சைட்டில் 3,854 டாலர் லேசர் பிரின்டர் 66 டாலருக்கு வந்துவிட்டது. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது சும்மா அடித்துப் பார்த்த எண், நிஜ வெப்சைட்டில் ஏறிவிட்டது. கம்பெனி முழித்துக்கொள்வதற்குள் 784 பேர் 4,086 பிரின்டர்களுக்கு ஆர்டர் போட்டுவிட்டார்கள். கம்பெனி கொடுக்க மறுத்தது. ஆறு பேர் கேஸ் போட்டார்கள். அந்த ஆறு பேர் மட்டும் கேட்டது 1,606 பிரின்டர்! படிக்காதவர்கள் இல்லை. அவர்களில் வக்கீலும் உண்டு.

வீட்டுக்கு எத்தனை பிரின்டர் சார் வேணும்? கோர்ட்டும் அதைத்தான் பார்த்தது. அவர்கள் நடுராத்திரிக்கு மேல் ஒருத்தருக்கொருவர் அனுப்பிக்கொண்ட கம்ப்யூட்டர் அரட்டையை எடுத்துப் படித்தது. இது தப்பான விலை என்று அவர்களுக்குத் தெரிந்தேதான் இருக்கிறது என்று 2004-ல் நீதிபதி வி.கே. ராஜா வழக்கைத் தள்ளினார். 2005-ல் அப்பீலும் தோற்றது.

கொடுத்துவிட்ட கம்பெனியும் உண்டு. 2019-ல் அமெரிக்காவில் அமேசானின் தள்ளுபடித் திருவிழாவில், சுமார் 13,000 டாலர் மதிப்புள்ள கேமரா லென்ஸ் 94 டாலர் சொச்சத்துக்குப் போனது. வாங்கியவர்களுக்கு அனுப்பியும் வைத்தார்கள். அமேசானுக்கு அது கடலில் ஒரு கரண்டி. மாமாவுக்கு 94,340 ரூபாய் என்பது கடலே.

லண்டன், சிங்கப்பூர் தீர்ப்பெல்லாம் நம் ஊர்க் கோர்ட்டைக் கட்டாது. ஆனால் அவை கேட்கும் கேள்வி எந்த ஊருக்கும் பொருந்தும். பட்டனை அழுத்தின அந்த நிமிஷம், அது தப்பான விலை என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

*

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். முயல் தோல் வரைக்கும் கேட்டார். பிறகு கையைக் காட்டி நிறுத்தினார்.

"மருமகனே, நான் முப்பத்தஞ்சு வருஷமா விக்கிறேன். வாய் தவறி விலை குறைச்சுச் சொல்லியிருக்கேன். சொன்னதுக்கே கொடுத்தும் இருக்கேன். கொடுக்காமலும் இருந்திருக்கேன்."

"எப்படி மாமா முடிவு பண்ணுவீங்க?"

"முகத்தைப் பார்ப்பேன். தெரியாம வாங்குறவங்க, புடவையைப் பிரிச்சுப் பார்ப்பாங்க. முந்தியைப் பார்ப்பாங்க. தெரிஞ்சு வாங்குறவன் புடவையையே பார்க்க மாட்டான். பணத்தைக் குடுத்துட்டு வாசலைப் பார்ப்பான். இதுல முகம் எங்க தெரியுது?" என்று பையன் கையில் இருந்த செல்போனைப் பார்த்தார்.

"அதுக்கு என்ன பண்றது மாமா?"

"போன்தானே அது? போன் போடுங்க."

இவ்வளவு சட்டம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

லிஸ்டை எடுத்தோம். மொத்தம் 63 பேர். அதில் ஒருத்தர் 80 புடவை, இன்னொருத்தர் 40. மிச்சம் 61 பேரும் ஒன்று, இரண்டு. எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். மாமா சொல்லிக் கொடுத்த வசனம் மூன்றே வரி. 'விலையில ஒரு சைபர் விட்டுப்போச்சு. தப்பு எங்களோடது, மன்னிச்சுக்கங்க. வேண்டாம்னா பணம் இப்பவே திரும்ப வரும், வேணும்னா அடக்க விலை 520-க்குத் தர்றோம்.'

மனிதர்கள் எத்தனை விதம்! ஒருத்தர் "அப்பவே நெனச்சேன்" என்று சிரித்தார். ஒரு அம்மா, "என் வீட்டுக்காரர்தான் ஆர்டர் போட்டார். நான் அப்பவே வேண்டாம்னேன்" என்று வீட்டுக்காரரிடமே போனைக் கொடுத்தார். அவர் பேசவே இல்லை, கட் பண்ணிவிட்டார். சேலத்துப் பையன் ஒருவன், "அண்ணே, ரீஃபண்ட் வேணாம், அந்த 75-ஐ நீங்களே வச்சுக்கங்க" என்றான். (அதையும் திருப்பி அனுப்பினோம்.) 40 புடவைக்காரர், "முயற்சி பண்ணிப் பார்த்தேன் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். இவரைப் போய் எப்படிக் கோபித்துக்கொள்வது?

தேனிப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர். "ஆடித் தள்ளுபடின்னு போட்டிருந்துச்சேப்பா. பழைய சரக்குப் போலன்னு நெனச்சேன். அம்மாவுக்குன்னு ஒண்ணே ஒண்ணு போட்டேன். அம்மாகிட்ட சொல்லியும்ட்டேன்" என்றார். ஸ்பீக்கரில் மாமாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுபத்தஞ்சுக்கே அனுப்பிடு" என்றார்.

"அப்பா, எல்லாரும் இப்படிச் சொன்னா?"

"எல்லாரும் சொல்லலையேடா."

நிஜம்தான். சாயந்திரம் கணக்குப் பார்த்தோம். 61 பேரில் 34 பேர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 19 பேர் 520-க்கே எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் எட்டுப் பேர் டீச்சர் மாதிரி, நிஜமாகவே தள்ளுபடி என்று நம்பி ஆளுக்கு ஒன்று வாங்கியவர்கள். எட்டுப் புடவை, 3,560 ரூபாய். நோட்டில் 'விளம்பரச் செலவு' என்று எழுதச் சொன்னார் மாமா. பி.காம். படித்த எனக்கே அது சரியான தலைப்பாகத்தான் பட்டது.

*

பாக்கி ஒருத்தர். 80 புடவை. மூன்று தடவை போன் பண்ணியும் எடுக்கவில்லை. அவர் கட்டிய 6,000 ரூபாயைத் திருப்பி அனுப்பி, விவரம் எழுதி, மன்னிப்பும் கேட்டு மெசேஜ் போட்டோம். அரை மணியில் பதில் வந்தது. பையன் படித்தான்.

"மச்சான், ஆள் பெரிய வக்கீல் போல இருக்கு. 'இந்திய ஒப்பந்தச் சட்டம் இருபத்திரண்டாவது பிரிவின்படி'ன்னு ஆரம்பிக்கிறாரு."

எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது. போனை வாங்கிப் பார்த்தேன். 'ஒரு தரப்பின் கவனக்குறைவுக்கு அப்பாவி நுகர்வோர் பலியாவதா?' எங்கேயோ கேட்ட வசனம். இரண்டு பக்கம். கடைசி வரிக்குப் போனேன்.

'மேற்படி வாஷிங் மெஷினை ஏழு நாட்களுக்குள் வழங்கத் தவறினால்...'

பொருளின் பெயரை எல்லா இடத்திலும் புடவை என்று மாற்றியவர், கடைசி வரியில் மட்டும் மறந்துவிட்டார்.

"ஏன் மச்சான், நாம எப்ப வாஷிங் மெஷின் வித்தோம்?" என்றான் பையன் அப்பாவியாக.

நானே பதில் அடித்தேன். 'ஐயா, இந்தக் கடிதத்தை எழுதிய ஆள் இப்போது எங்கள் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அவர் எழுதியதில் பாதி தப்பு என்று ஒப்புக்கொள்கிறார்.' இரண்டு நீல டிக் விழுந்தது. அப்புறம் அவரிடமிருந்து சத்தமே இல்லை.

பாதி தப்பு என்றேனே, மிச்சப் பாதி சரிதான். ஒடிசா மாணவருக்கு ஆணையம் 190 ரூபாய் லேப்டாப்பை வாங்கிக் கொடுக்கவில்லை. பணமாகத்தான் கொடுத்தது. உறுதி என்று சொல்லிவிட்டு இஷ்டத்துக்குக் கைவிரித்து ஒருத்தரை அலைய விட்டதற்கான விலை அது. தப்பு யாருக்கும் வரும். தெரிந்த உடனே போன் போட்டு, மன்னிப்புக் கேட்டு, அன்றைக்கே பணத்தைத் திருப்புவது ஒன்று. மூன்று நாள் கழித்து மெஷின் மூலமாக ஒரு மெயில் விட்டு, ஏழு நாள் பணத்தையும் வைத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது வகையிடம் மாட்டினால் விடாதீர்கள். 1915-க்கு போன் போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது.

ஆனால் போவதற்கு முன்னால், மாமா சொன்ன முகத்தை ஒரு தடவை கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் பார்த்தேன். அந்த இரண்டாவது வாஷிங் மெஷின் எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன் இல்லையா? விற்கத்தான். பத்தாயிரத்துக்குத் தள்ளிவிடலாம் என்று கணக்கு. ஒன்று மட்டும் ஆர்டர் போட்டிருந்தால் டீச்சர் மாதிரி நானும் சலுகை என்று நம்பினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் போட்டது இரண்டு. அன்றைக்கு நான் மெஷினைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்தேன்.

இப்போதெல்லாம் மாமா பையன் விலை ஏற்றுவதற்கு முன்னால் அப்பாவிடம் திரையைக் காட்டுகிறான். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சைபராக விரல் வைத்து எண்ணி, "சரி, ஏத்து" என்கிறார்.

கிளம்பும்போது அத்தை ஒரு சுங்குடி எடுத்துக் கொடுத்தார், அம்மாவுக்கு. வீட்டில் அம்மா அதைப் பிரித்துப் பார்த்தார். முந்தியைப் பார்த்தார். "நல்லா இருக்குடா" என்றார்.

அப்புறம் கேட்டார்: "முதல் தண்ணிக்குச் சாயம் போகும், தனியாத்தான் நனைக்கணும். அந்தப் பக்கெட் ரெண்டையும் எதுக்குடா எடைக்குப் போட்ட?"